நம்ம வீட்டுப் பிள்ளைதானே

அத்தியாயம் 14

கடிபட்டவன் சுருட்டை, வயது ஆறு. கடித்தவள் பட்டாணி, வயது ஏழு. இடம், பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து, அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து கூட்டிப்போகும்வரை இருக்கும் மாலை மையம். நேரம், நேற்று மாலை ஐந்து நாற்பது. போன இதழைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மையத்தை நடத்துகிற மூத்தவளுக்குப் பட்டாணி தங்கை மகள். அக்கா கீழ்வீடு, தங்கை மேல்வீடு. தங்கையின் கணவன் வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருக்கிறான், மாதத்துக்கு ஒரு முறை வந்து போவான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. காலையில் பட்டாணி படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வரும் சத்தத்தில்தான் கீழ்வீட்டில் பொழுது விடியும்.

இன்று காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதில் போன் வந்தது. பேசியது சுருட்டையின் அம்மா. அவர் பல் டாக்டர்.

பல் டாக்டர் பிள்ளையைப் பார்த்தா கடித்துவைக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் மூத்தவளுக்கு ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மறுமுனையில் கேட்ட குரல் அதை வந்த வழியே அனுப்பிவிட்டது. மாலை ஆறேகாலுக்கு வருவதாக டாக்டர் சொன்னார். கடித்த பெண்ணைப் பற்றிய குறிப்பு நோட்டை முதலிலிருந்து பார்க்க வேண்டும். அவள் இதற்கு முன் என்னென்ன செய்திருக்கிறாள் என்று தெரிய வேண்டும். பார்த்துவிட்டு, அவளை மையத்திலிருந்து நிறுத்தச் சொல்லி நிர்வாகக் குழுவுக்கு எழுதப்போகிறார்.

தாராளமாக வாங்க என்றாள் மூத்தவள். போனை வைத்த பிறகுதான் நோட்டு நினைவுக்கு வந்தது.

அந்த நோட்டு அவளே கொண்டுவந்த ஏற்பாடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு பக்கம், ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கட்டம். முன்னால், நடந்தது, பின்னால். ஒரு பிள்ளை அடித்தாலோ, அழுதாலோ, எங்காவது ஒளிந்துகொண்டாலோ, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். முரடு, பிடிவாதம், செல்லம் போன்ற சொற்களுக்கு அனுமதி இல்லை. அன்று நடந்ததை அன்றே எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் இதை மூன்று தடவை சொல்வாள். கேட்கிறவர்கள் கொட்டாவியை மென்று விழுங்குவார்கள்.

பட்டாணிக்கான நான்கு பக்கத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. நேற்றையது. அதுவும் ஓவிய டீச்சரின் கையெழுத்து. பதற்றத்தில் அவர் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார். முதல் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

நேற்றைக்கு முன் மூன்று சம்பவங்கள் நடந்திருந்தன. மூன்றையும் மூத்தவள் பார்த்தாள், மூன்றையும் அவளே சமாளித்தாள், ஒன்றைக்கூட எழுதவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைதானே, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்தவர் பிள்ளையாக இருந்தால் விட்டிருப்பாளா? காலையிலிருந்து இதை அவளே பத்து முறை கேட்டுக்கொண்டாயிற்று.

மூன்றரைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறந்தன. பழத்தட்டு காலியானது. மூத்தவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று நாற்பத்தைந்து. கத்தரிக்கோல்களை எண்ணினாள், பதினொன்று இருந்தன. பன்னிரண்டாவதை மேசைக்கு அடியில், அலமாரியில், ஜன்னல் ஓரத்தில் எல்லாம் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

நான்கு மணிக்கு வட்டம் கூடும். தரையில் ஒரு பெரிய விரிப்பு, அதில் எண் போட்ட இருபத்து நான்கு புள்ளிகள், புள்ளிக்கு ஒருவர். வழவழப்பான சாம்பல் நிறக் கல் ஒன்று கைமாறி வரும். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். இன்று மனசில் இருப்பதைச் சொல்லலாம், சொல்லப் பிடிக்காவிட்டால் பக்கத்துக் கைக்குக் கடத்திவிடலாம். நடுவில் புகுந்து பேச யாருக்கும் உரிமை இல்லை, டீச்சருக்கும் இல்லை. வட்டத்தில் கேட்டதை வெளியே போய்ச் சொல்லக் கூடாது. சில பிள்ளைகள் வாய் திறக்க இரண்டு மாதம் ஆகும். திறந்த வாயை மூட வைப்பது அதைவிடப் பெரிய வேலை.

சுருட்டை இன்று வரவில்லை. ஏழாம் எண் புள்ளி காலியாக இருந்தது. பட்டாணி அதில் உட்காரவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஆடுகிற மேல்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள். மூத்தவள் பக்கத்தில் போய்க் குனிந்து, வட்டத்துக்கு வரவில்லையா என்று கேட்டாள்.

“எனக்கு இடம் இல்ல, டீச்சர்.”

“ஏழு காலியாத்தானே இருக்கு?”

“அது அவனோடது.”

டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்பதும் மூத்தவள் போட்ட சட்டம்தான். மூன்றரைக்கு வாசலைத் தாண்டிவிட்டால் பெரியம்மா கிடையாது. மற்ற பிள்ளைகள் தங்களுக்கு இங்கே ஒரு பெரியம்மா இல்லையே என்று ஏங்கக் கூடாது அல்லவா. பட்டாணி ஒரு நாளும் தப்பவிட்டதில்லை. இன்று அந்த ‘டீச்சர்’ மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் முற்றத்துக்குப் போனார்கள். ஜன்னல் வழியே அவர்கள் மேல் ஒரு கண் வைத்தபடி ஓவிய டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் நல்லவர். மூத்தவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு யோசனை சொன்னார். அந்த மூன்று சம்பவங்களையும் பழைய தேதி போட்டு இப்போதே எழுதிவிடலாம். நடந்ததைத்தானே எழுதப்போகிறோம், கதையா கட்டப்போகிறோம்? சாட்சிக்குத் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே பேனாவில் எழுத வேண்டாம் என்று சொல்லி, தன் பையிலிருந்து நீலத்தில் இரண்டும் கறுப்பில் ஒன்றும் எடுத்து வைத்தார்.

மூத்தவள் உட்கார்ந்தாள். வெள்ளைப் பக்கம் சௌகரியமாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியைப் போட்டாள். ‘நடந்தது’ சுலபமாக வந்தது. ப., சு. வரைந்த படத்தைக் கிழித்தாள். ‘பின்னால்’ கூட வந்துவிட்டது. சு. அழுதான். வேறு தாள் கொடுத்தோம். ப. அழவில்லை.

‘முன்னால்’ கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

அது சுருட்டை மையத்துக்கு வந்த முதல் நாள். அவன் இருபத்தைந்தாவது பிள்ளை. விரிப்பில் இருப்பதோ இருபத்து நான்கு புள்ளி. எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவன் மட்டும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அன்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இப்போது எழுதினாள். ‘ஏழாம் புள்ளியிலிருந்து எழுந்து அவனுக்கு இடம் கொடு என்று ப.விடம் நான் சொன்னேன். ப. எழுந்தாள். அன்றிலிருந்து தரையில் உட்காருகிறாள்.’

அடுத்ததைக் கறுப்புப் பேனாவில் எழுதினாள். நடந்தது, ப. ஒரு பிள்ளையின் பைக்குள் தண்ணீரைக் கொட்டினாள். முன்னால், அந்தப் பிள்ளை வளர்த்த செடி பட்டுப்போய்விட்டது. ‘ப.வின் செடியை எடுத்து அதற்குக் கொடுத்தேன். ப.விடம் கேட்கவில்லை.’

மூன்றாவது போன வாரத்துக் கதை. நடந்தது, ப. படியில் ஒரு பிள்ளையைத் தள்ளினாள். முன்னால், வட்டத்தில் கல் கடைசியாக ப.வின் கைக்கு வந்தபோது நேரம் முடிந்திருந்தது. ‘நான் கல்லை வாங்கிக்கொண்டு, நீ வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லு என்றேன்.’

பக்கத்தைத் திருப்பினாள். நேற்றைய பதிவில் ‘முன்னால்’ கட்டத்தில் ஓவிய டீச்சர், தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அவருக்குத் தெரியாதுதான், அறையின் மறுகோடியில் இருந்தார். மூத்தவளுக்குத் தெரியும். அம்மாவை நினைத்து அழுத சுருட்டையை அவள் மடியில் தூக்கி வைத்திருந்தாள். பட்டாணி வந்து பக்கத்தில் நின்றாள். நீ பெரிய பொண்ணு இல்ல, போய் விளையாடு என்று அனுப்பினாள். பட்டாணி போகவில்லை. பெரியம்மாவின் கழுத்தைச் சுற்றியிருந்த அந்தச் சின்னக் கையைத்தான் பிடித்துக் கடித்தாள்.

அதையும் எழுதி முடித்துவிட்டு ‘முன்னால்’ கட்டங்களை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படித்தாள். நான் சொன்னேன், நான் கொடுத்தேன், நான் வாங்கிக்கொண்டேன், நான் அனுப்பினேன். அப்பா பக்கத்தில் இல்லாத ஏக்கம்தான் பிள்ளையை இப்படி ஆக்குகிறது என்று அவளும் தங்கையும் படிக்கட்டில் நின்று எத்தனை நாள் உருகியிருப்பார்கள். பாலம் கட்டப் போன மனிதனின் தலை அங்கே சும்மா உருண்டது. இங்கே எது குறைந்தாலும், இருபத்தைந்து பிள்ளைகளில் ஒரே பிள்ளையிடம்தான் இவள் கை நீண்டிருக்கிறது. நம்மவள்தானே, விட்டுக்கொடுப்பாள்.

மூத்தவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. டாக்டர் படித்தால் வேலைக்கு வேட்டு. அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். தங்கை படித்தால், பட்டாணியை இனிக் கீழ்வீட்டுக்கே விடமாட்டாள்.

கையெழுத்துப் போட வந்த ஓவிய டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பழைய தேதிகள் மூன்றும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. மேலே இன்றைய தேதி. அதன் கீழே, ‘இவற்றை அன்றே நான் எழுதவில்லை, இன்று எழுதுகிறேன்’ என்று ஒரு வரி. தன் கையெழுத்து ஒன்றே போதும் என்று சொல்லி மூத்தவள் மூன்று பேனாக்களையும் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டர் ஆறு பதினாலுக்கே வந்துவிட்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை, நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார். அதற்குள் மூத்தவள் கலர் பென்சில்களை உயரம் பார்த்து அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

“இத நீங்க எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது,” என்றார் டாக்டர்.

“தெரிஞ்சிருக்காது.”

டாக்டர் நோட்டை மூடினார். நேற்று மகன் கையைப் பார்த்தபோது தொழில் புத்தி சும்மா இருக்கவில்லையாம், தடத்தை விளக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மேலே ஒரு பல்லின் தடம் மட்டும் லேசாக, சாய்ந்து விழுந்திருந்தது. ஆடுகிற பல் என்று அப்போதே தெரிந்ததாம்.

“அந்தப் பல்ல வெச்சுக்கிட்டு அப்படிக் கடிச்சதுல அவளுக்கும் வலியில உயிர் போயிருக்கும்,” என்றார். பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டார். “நான் குழுவுக்கு எழுதத்தான் போறேன், டீச்சர். ஆனா அந்தக் குழந்தையப் பத்தி இல்ல. உங்களப் பத்தி.”

மூத்தவள் தலையாட்டினாள். சுருட்டை நாளைக்கு வருவானா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, கேட்கத் துணிவு வரவில்லை. வாசல் வரை போன டாக்டர் விரிப்பைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு புள்ளி வரைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினார்.

ஆறே முக்காலுக்கு இளையவள் வந்தாள். அவளுக்குப் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை. உள்ளே நுழையும்போதே போனைப் பூட்டிவைத்துவிட வேண்டும். அதனால் டாக்டர் வரும் செய்தியே அவளுக்கு ஆறு மணிக்குத்தான் தெரியும். மூச்சு வாங்க வந்தவளின் அக்குளில் மடித்த அட்டைப்பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒரு மாதமாகத் தினமும் இரண்டு கொண்டுவருகிறாள், கேட்டால் குளிர்காலத் துணி வைக்க என்கிறாள். மேல்வீட்டில் அவ்வளவு துணி எங்கே இருக்கிறது என்று அக்கா யோசித்ததுண்டு, கேட்டதில்லை.

மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். பட்டாணி மட்டும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். நிறுத்திவிடச் சொன்னார்களா என்று இளையவள் கேட்டாள். மூத்தவள் நோட்டைக் கொடுத்தாள். பூசி மெழுகிச் சொல்ல நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

“இடத்த எடுத்த. செடிய எடுத்த. கல்ல எடுத்த.” இளையவள் குரலை உயர்த்தவில்லை. “வீட்டுக்கு வந்து சொல்லுன்னியே, வந்தாளா?”

“வந்தா. நான் போன்ல இருந்தேன். அப்புறம் கேக்க மறந்துட்டேன்.”

“மத்த பிள்ளைங்க அழுதா உனக்குத் தாங்காது. என் பொண்ணு அழாம இருக்கறது உனக்கு வசதியாப் போச்சு.” நோட்டை மேசைமேல் வைத்தாள். “நாளைக்கு அவ இங்க வரமாட்டா, அக்கா. கீழ்வீட்டுக்கும் அனுப்பறதா இல்ல.”

பயந்தது நடந்துவிட்டது. மூத்தவள் நோட்டை எடுத்து மூடிவைத்தாள். சண்டை போட ஒரு நியாயமும் கையில் இல்லை. ஒரே ஒரு முறை பட்டாணியிடம் பேசிக்கொள்கிறேன், அதற்குப் பிறகு நீ சொல்வதுதான் என்று கேட்டுக்கொண்டாள். அலமாரியிலிருந்து சாம்பல் நிறக் கல்லை எடுத்துப் போய்ச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“போன வாரம் இத உன் கையிலேர்ந்து வாங்கினேன். அது என் தப்பு. இந்தா.”

பட்டாணி கல்லைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். “வட்டம் முடிஞ்சுபோச்சே, டீச்சர்.”

“முடியல. நான் டீச்சரும் இல்ல இப்ப.”

“பெரியம்மாவா?”

“பெரியம்மாதான்.”

பட்டாணி கல்லை வாங்கிக்கொண்டு எழுந்தாள். நேராக விரிப்புக்குப் போய் ஏழாம் புள்ளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மாவுக்கு ஆறாம் புள்ளியைக் காட்டினாள். அம்மாவுக்கு எட்டாம் புள்ளியைக் காட்டினாள். இளையவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். காட்டிய விரல் இறங்கவில்லை. அட்டைப்பெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்க்காமல் அவள் வந்து உட்கார்ந்தாள்.

“நாங்க வீடு மாறப் போறோம்,” என்றாள் பட்டாணி. “அப்பா வேல செய்யற ஊருக்கு. பெட்டியெல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கு. பெரியம்மாகிட்ட இப்ப சொல்லாத, அழுவாங்கன்னு அம்மா சொன்னாங்க.”

இளையவள் வாயைத் திறந்தாள். பட்டாணி கல்லைத் தூக்கிக் காட்டினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

“வட்டத்துல சொன்னா வெளிய போய்ச் சொல்லக் கூடாதுல்ல. அதனால வட்டத்துல சொன்னா அம்மா பேச்ச மீறினதா ஆகாதுன்னு நெனச்சேன். அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன்.” கல்லை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “நான் இன்னும் போகவே இல்ல, பெரியம்மா. அதுக்குள்ள என் இடத்த அவனுக்குக் குடுத்துட்டீங்க.”

மூத்தவள் அழுதாள். அழுவாள் என்று சொன்னது சரியாகத்தான் போயிற்று. கை தானாகப் பட்டாணியை நோக்கி நீண்டது, கல் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது என்று மடிமேல் திரும்பி வந்தது. பட்டாணிக்கு அந்தப் பக்கம் இளையவள் விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன் அக்காவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய முகம் இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தது.

“அவ்வளவுதான்,” என்றாள் பட்டாணி. நாக்கால் பல்லை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். பிறகு கல்லை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

“இப்ப நீ, அம்மா.”

பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால் அக்காவுக்குக் கடத்திவிடலாம். இளையவள் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தாள். நடுவில் புகுந்து பேச யாருக்கும் உரிமை இல்லை என்பதால் மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.